சம்பந்தியைக் கொசு கடிக்கக் கூடாது

சனிக்கிழமை காலை ஸோர்கா விழித்தபோது ஒரு கண்தான் விழித்தது. இன்னொரு கண்ணின் இமை மேல் இரவில் ஏதோ ஒரு கொசு உட்கார்ந்து, அவசரப்படாமல், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. இமை ஒரு பிளம் பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"என்னங்க, என் கண்ணைப் பாருங்களேன்."

ஜிவான் பார்த்தார். "எந்தக் கண்ணை?" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆனதில் ஸோர்காவுக்கு இதற்கெல்லாம் கோபம் வருவதில்லை. சேர்த்து வைக்கிறாள், அவ்வளவுதான்.

"நாளைக்குச் சாயங்காலம் பையன் வீட்டுக்காரங்க வர்றாங்க. நான் இப்படி ஒத்தைக் கண்ணோட போய் நின்னா, 'அம்மாவே இப்படின்னா பொண்ணு பின்னால எப்படி ஆகுமோ'ன்னு நினைக்க மாட்டாங்களா?"

"உன் கண்ணை விடு. அவங்களைக் கொசு கடிச்சா என்ன ஆகும்னு யோசி. மலைமேல இருக்கறவங்க. கொசுவைப் படத்துலதான் பார்த்திருப்பாங்க."

அதில் உண்மை இருந்தது. ஜூன் மாதம் டான்யூப் கரையில் சாயங்காலம் வெளியே நின்று வாயைத் திறந்து பேசுகிறவன், அன்றைக்குச் சைவம் இல்லை. விமானத்திலிருந்து மருந்து தெளிப்போம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் வானத்தைக் காட்டி வாக்குக் கேட்பார்கள். ஒரு தடவை விமானம் வரவும் வந்தது. கொசுக்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தன.

"அப்போ உள்ள உக்காரவெச்சு சாப்பாடு போடுங்க" என்றாள் ஸோர்கா.

"உள்ளயா? மீன் குழம்பைக் கொப்பரையில தோட்டத்துல காய்ச்சி, வால்நட் மரத்தடியில உக்காந்து சாப்பிடறதுதான் மரியாதை. வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்காரவெச்சா நோயாளியைப் பார்க்க வந்த மாதிரி இருக்கும்."

இந்த மரியாதை விஷயத்தில் ஜிவானுக்கு ஒரு பழைய தழும்பு உண்டு. மூன்று வருஷம் முன்னால் இதே வால்நட் மரத்தடியில் வேறொரு பையனின் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். ஜிவான் தன் கையாலேயே காட்டில் பறித்து, தன் கையாலேயே ஊறப்போட்ட காளானை, தன் கையாலேயே பரிமாறினார். அந்தக் குடும்பம் மொத்தமும் அன்றிரவு ஆஸ்பத்திரியில் படுத்தது. கல்யாணப் பேச்சும் கூடவே படுத்தது. அது எழுந்திருக்கவே இல்லை.

"இந்த வரனும் போச்சுன்னா," என்று ஸோர்கா இருந்த ஒரு கண்ணால் அவரை முறைத்துச் சொன்னாள், "நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க ஊறுகாயோட குடித்தனம் பண்ணுங்க."

ஜிவான் தபால் ஆபீஸில் கவுண்ட்டரில் இருப்பவர். கடிதம் போட வருகிறவர்களுக்கு ஸ்டாம்போடு சேர்த்து மூட்டுவலிக்கு வைத்தியமும் ஒட்டி அனுப்புவார். காலையில் டிவியில் வரும் இயற்கை மருத்துவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி, சொந்தக்காரர்களைப் போலப் பேசுவார். அவருக்குக் கெமிக்கல் என்ற சொல்லைக் கேட்டாலே அரிக்கும்.

மகள் டுன்யா மத்தியானம் நோவி ஸாத்திலிருந்து வந்து இறங்கினாள். அவள் அங்கே மருந்துக்கடையில் மருந்தாளர். அம்மாவின் கண்ணில் களிம்பு தடவிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு ஸ்ப்ரேயை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"அப்பா, எங்க கடையிலிருந்தே கொண்டு வந்திருக்கேன். கையில கால்ல அடிச்சுக்கிட்டா போதும். கொசு கிட்ட வராது."

ஜிவான் சிகரெட்டை ஆழமாக ஒரு இழுப்பு இழுத்து, புகையை நெஞ்சில் கொஞ்ச நேரம் நிறுத்தி, வெளியே விட்டார்.

"கெமிக்கல் உடம்புக்குள்ள போகும்மா" என்றார்.

டுன்யா அந்தப் புகையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஸ்ப்ரேயைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஐந்து வருஷம் மருந்தியல் படித்தவர்களுக்கு எப்போது பேசக் கூடாது என்பதும் சொல்லித் தருவார்கள் போல.

"நானே செய்யறேன்" என்றார் ஜிவான். "வீட்டுல இருக்கற பொருளை வெச்சு. இயற்கையா."

"காளானும் இயற்கைதான்" என்றாள் ஸோர்கா.

முதல் முறை எளிது: பூண்டும் வினிகரும். ஜிவான் ஒரு கூடைப் பூண்டை நசுக்கி, பெரிய பாத்திரத்தில் வினிகரோடு கொதிக்க வைத்தார். மூடி போட வேண்டும் என்று டிவி வைத்தியர் சொன்ன நேரத்தில் அவர் கடைக்குப் போயிருந்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் அந்த நெடி சமையலறையை விட்டுக் கிளம்பி, படுக்கையறைத் திரைச்சீலையில் ஏறி, சம்பந்திகளுக்காக இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த மேஜை விரிப்பில் உட்கார்ந்து, டுன்யாவின் நாளைய கவுன் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தது.

"அப்பா! என் டிரெஸ் கசாப்புக் கடையில தொங்கின மாதிரி நாறுது!"

"கொசுவுக்கும் அப்படித்தான் தோணும். அதான் விஷயமே."

அன்று சாயங்காலம் அதைத் தோட்டமெங்கும் தெளித்துப் பார்த்தார். கொசுக்கள் வந்தன. பூண்டு வாசனைக்குப் பழக்கப்பட்ட செர்பியக் கொசுக்கள். அவை அதை ஒரு சாலட்டாகவே எடுத்துக்கொண்டன.

இப்போது கொசுவும் இருந்தது, நாற்றமும் இருந்தது. நாற்றத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும். ஜிவானின் தபால் ஆபீஸ் தோழர் ஒருவர் போனில் சொன்னார்: "வனிலாதாம்ப்பா. வனிலா சர்க்கரையைக் கரைச்சுத் தெளி. நாத்தமும் போகும், கொசுவும் போகும். ஒரே கல்லுல வேலை முடிஞ்சிடும்."

வீட்டில் வனிலா சர்க்கரைப் பொட்டலங்கள் இருந்தன, ஒரு டப்பா நிறைய. ஸோர்கா நாளைக்குச் சம்பந்திகளுக்கு வனிலா பிஸ்கோத்து சுடலாம் என்று வாங்கி வைத்திருந்தவை. ஜிவான் எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டிக் கரைத்து, மேஜை, பெஞ்சு, மரத்தின் அடி என்று ஒன்று விடாமல் தெளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துக் கதவைத் திறந்தபோது நல்ல செய்தி ஒன்று இருந்தது: பூண்டு நாற்றம் குறைந்திருந்தது. இன்னொரு செய்தியும் இருந்தது. பெஞ்சில் எறும்பு, மேஜையில் தேனீ, மரத்தைச் சுற்றிக் குளவி. மாவட்டத்தில் சிறகு முளைத்த ஜீவன் எல்லாம் ஜிவான் வீட்டில் விருந்து என்று கேள்விப்பட்டு, நேரத்தோடு வந்து இடம் பிடித்திருந்தன.

"சம்பந்திங்க வர்றதுக்கு முன்னாடியே பந்தி நிறைஞ்சிடுச்சே" என்றாள் ஸோர்கா. "என் பிஸ்கோத்து?"

"பிஸ்கோத்து என்ன, கடையில வாங்கிக்கலாம்."

"அதுல கெமிக்கல் இருக்குமே?"

ஜிவான் காப்பித்தூள் சக்கையையும் காய்ந்த மாட்டுச் சாணத்தையும் ஒரு பழைய தகரத்தில் போட்டுப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். புகைக்குக் குளவி பயப்படும். குளவி பயப்பட்டதா என்று தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஸ்டேவா பயந்தார். தோட்டக் குழாயோடு ஓடிவந்து, வேலி மேல் ஏறி நின்று, தகரத்தின் மேலும் தகரத்தின் பக்கத்தில் நின்ற ஜிவானின் மேலும் தண்ணீரைப் பீய்ச்சினார்.

"யோவ்! தீ இல்லய்யா! கொசு விரட்டறேன்!"

"கொசுவா?" ஸ்டேவா குழாயை மூடினார். "நான் வீடு எரியுதுன்னு நினைச்சேன். எரிஞ்சாலும் பரவாயில்லைன்னு தோணுச்சு, அந்தப் பூண்டு வாடைக்கு."

இப்போது தோட்டத்தில் பூண்டு, வனிலா, சாணப் புகை மூன்றும் ஒற்றுமையாக இருந்தன. ஜிவானின் மூக்கு மட்டும் எதிலும் சேரவில்லை. அது காலையிலேயே வேலை நிறுத்தம் செய்துவிட்டிருந்தது. எந்த வாசனையும் தெரியவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்கு அது ஒரு முன்னேற்றமாகவே பட்டது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. சனிக்கிழமை ராத்திரியே, எதற்கும் இருக்கட்டும் என்று ஊறப்போட்டது. மாசிப்பத்திரி, வால்நட் இலை, கிராம்பு, லாவெண்டர். எதில் ஊறப்போடுவது என்று யோசிக்கவே இல்லை. அந்த ஊரில் ரக்கியா என்ற பழச் சாராயத்தைக் குடிப்பார்கள், காய்ச்சல் வந்தால் அதில் நனைத்த சாக்ஸைக் காலில் மாட்டுவார்கள், இடுப்புப் பிடித்தால் தேய்ப்பார்கள், விருந்தாளி போன பிறகு மிச்சம் இருந்தால் ஜன்னல் துடைப்பார்கள். அவரவர் தோட்டத்து பிளம் பழம், அவரவர் காய்ச்சிய ரக்கியா.

ஞாயிறு மத்தியானம் அதைத் துணியில் வடிகட்டினார். பழைய ரக்கியா போலவே பொன்னிறமாக, தெளிவாக வந்தது. காலி மினரல் வாட்டர் பாட்டில் ஒன்றில் ஊற்றி அடைத்தார். பச்சைக் கண்ணாடி பாட்டில். அதே ஜாதிப் பச்சைக் கண்ணாடி பாட்டிலில்தான் அவருடைய பொக்கிஷமும் இருந்தது: மல்பெரி மரப் பீப்பாயில் பன்னிரண்டு வருஷம் தூங்கிய பிளம் ரக்கியா, சம்பந்திக்கென்றே எடுத்து வைத்தது. நாடு முழுக்க அதே தண்ணீர் பாட்டிலில்தான் ரக்கியா வைப்பார்கள். சீட்டு ஒட்டும் வழக்கம் கிடையாது. தன் வீட்டு ரக்கியாவுக்குப் பெயர் எழுதி வைக்கிறவனைத் தன் மனைவிக்கும் பெயர் எழுதி மாட்டுவானோ என்று பார்ப்பார்கள்.

தோட்டத்தில் நின்றபடியே இரண்டு பாட்டிலையும் சமையலறை ஜன்னல் திண்டில் வைத்தார்.

"ஸோர்கா! இடது பக்கம் இருக்கறது சம்பந்திக்கு. வலது பக்கம் இருக்கறது கொசுவுக்கு. ஞாபகம் வெச்சுக்கோ."

"சரி சரி" என்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. முதலில் வூக்காஷின் இறங்கினார். பையனின் அப்பா, கதவு நிலையைவிட அகலமான ஆள், மீசை அவரைவிட முன்னால் இறங்கியது. பின்னால் அவர் மனைவி ஸ்தமேனா. அவர்களுக்குப் பின்னால் பையன் ஓக்னியென். அவனும் டுன்யாவும் இரண்டு வருஷமாக நோவி ஸாத்தில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இது இரண்டு குடும்பத்துக்கும் தெரியும், தெரியும் என்பது இரண்டு குடும்பத்துக்கும் தெரியாது. அதனால் ஓக்னியென் டுன்யாவிடம் கை நீட்டி, "சௌக்கியமா?" என்று கேட்டான். அவள் காலையில் அவனுக்குப் போனில் அனுப்பிய மளிகைப் பட்டியல் அவன் பாக்கெட்டிலேயே இருந்தது.

காரை ஓட்டி வந்தவர் ஸ்தமேனாவின் தம்பி ராதே. மாட்டுத் தரகர். சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். "நான் வண்டி ஓட்டணும், எனக்கு ஒண்ணும் ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் பழச்சாறோடு மரத்துக்குப் பின்னால் போய்ப் புல்லில் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார்.

ஸ்தமேனா கையில் ஒரு பாட்டில். பச்சைக் கண்ணாடி. கழுத்தில் சிவப்பு ரிப்பன், ரிப்பனில் திருநீற்றுப்பச்சைக் கொத்து.

"ஊர் எல்லையில வண்டியை நிறுத்தி, டிக்கியிலிருந்து எடுத்து நானே கட்டினேன்" என்றாள் பெருமையாக. "வீட்டுலயே கட்டினா வர்றதுக்குள்ள வாடிப்போயிடுது."

பெண் கேட்டு வருகிறவர்கள் ரிப்பன் கட்டின பாட்டிலை மேஜை மேல் வைப்பார்கள். பெண்ணின் அப்பா அதிலிருந்து ஊற்றிக் குடித்துவிட்டால் பெண்ணைக் கொடுத்த மாதிரி. தொடாமல் விட்டால், சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வூக்காஷின் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, உங்க தோட்டத்துல ஒரு நல்ல பூச்செடி இருக்குன்னு கேள்விப்பட்டோம். எங்க தோட்டத்துல கொண்டுபோய் நடலாமான்னு கேக்க வந்தோம்."

"செடிக்கு முப்பது வயசு ஆகுது, சீக்கிரம் நடுங்க" என்று டுன்யா முணுமுணுத்தாள். ஸோர்கா அவள் காலை மிதித்தாள்.

ஜிவான் ரிப்பன் பாட்டிலைத் திறந்து, சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, செத்தவர்களுக்காக இரண்டு சொட்டு தரையில் விட்டு, ஒரே மடக்காகக் குடித்தார்.

முதலில் கசந்தது. அப்புறம் எரிந்தது. அப்புறம் யாரோ அவர் வாய்க்குள் புகுந்து ஒரு தோல் பெல்ட்டை ஊறப்போட்டதுபோல் இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. 'பூண்டு நம்ம நாக்கையே கெடுத்துருச்சு' என்று நினைத்துக்கொண்டார்.

"தேன்!" என்றார். "தேன் சம்பந்தி, தேன்!"

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மும்முறை முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். ஸ்தமேனா கண்ணைத் துடைத்தாள். ஸோர்காவும் துடைத்தாள், அவளுக்கு வேலை பாதிதான்.

"நம்மளோடதை எடுத்துட்டு வா" என்றார் ஜிவான் அவளிடம். தான் போய் ஜன்னல் திண்டில் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து, கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே குப்பியில் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"இது என்ன சம்பந்தி?" என்றார் வூக்காஷின்.

"கொசுவுக்கு. நானே செஞ்சது. முழுக்க இயற்கை." மேஜையைச் சுற்றி அடித்தார். பெஞ்சுக்கு அடியில் அடித்தார். "சம்பந்தியம்மா, காலை நீட்டுங்க" என்று ஸ்தமேனாவின் கணுக்காலில் அடித்தார். ஓக்னியெனின் கழுத்தில் அடித்தார். கைதவறித் தன் சட்டையிலும் கொஞ்சம் அடித்துக்கொண்டார்.

மரத்தில் மிச்சமிருந்த குளவிகள் எழுந்து நின்று நன்றி சொல்லாத குறை. மேஜையடியில் ஒரு கூட்டம் இறங்கியது. ஸ்தமேனா காலைத் தட்டினாள். ஓக்னியென் கழுத்தைத் தட்டினான். வெயில் சாயத் தொடங்கியிருந்ததால் ஆற்றுப் பக்கத்திலிருந்து கொசுவும் முதல் அணியை அனுப்பியது.

"கொஞ்ச நேரம் ஆகணும், வேலை செய்யும்" என்றார் ஜிவான். விரலில் வழிந்ததை, என்னவோ தோன்றி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

பிளம். மல்பெரி மரம். பன்னிரண்டு வருஷம்.

மெதுவாகத் திரும்பினார். ஸோர்கா வூக்காஷினின் குவளையை நிரப்பிக்கொண்டிருந்தாள். வூக்காஷின் செத்தவர்களுக்கு இரண்டு சொட்டு விட்டார். செத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு இரண்டு சொட்டோடு போயிற்று. மிச்சத்தை அவர் ஒரே மடக்கில் விழுங்கினார்.

மீசை ஒருமுறை நிமிர்ந்து அடங்கியது. முகம் சிவந்தது. சிவப்பு காதுவரை போய்த் திரும்பியது.

"சம்பந்தி," என்றார், குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது, "அமிர்தம்!"

ஜிவான் ஸோர்காவை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கொப்பரையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"எந்தப் பாட்டிலை எடுத்தே?"

"இடது பக்கம்னுதானே சொன்னீங்க?"

"என் இடது!"

"நான் உள்ள நின்னேன். எனக்கு என் இடதுதான் தெரியும். அதுவும் ஒத்தைக் கண்ணால."

"மோந்து பாத்திருக்கக் கூடாதா?"

"இந்த வீட்டுல நேத்துலேர்ந்து எதை மோந்தாலும் பூண்டுதான்!" அவள் குரல் திடீரென்று இறங்கியது. "அய்யோ. அப்போ அந்த மனுஷன் குடிச்சது?"

கொப்பரையைக் கிண்டக் கூப்பிடுவது போல டுன்யாவைக் கூப்பிட்டு, ஜிவான் அவள் காதில் எல்லாவற்றையும் ஒப்பித்தார். டுன்யா விரல்விட்டு எண்ணினாள்.

"மாசிப்பத்திரி, கிராம்பு, வால்நட் இலை, லாவெண்டர். சாக மாட்டார்ப்பா" என்றாள். "ஆனா சந்தோஷமாவும் இருக்க மாட்டார்."

"போய்ச் சொல்லிடலாமா?" என்றாள் ஸோர்கா.

"என்னன்னு? 'பொண்ணு கேட்டு வந்த உங்களுக்குக் கொசு மருந்து ஊத்திட்டேன், உங்களுக்கு வெச்சிருந்த ரக்கியாவைக் கொசுவுக்கு ஊத்திட்டேன்'னா? காளான் விஷயத்துல எனக்கு ஏற்கனவே ஒரு பேரு இருக்கு. இதுவும் சேர்ந்தா, இவ கன்னியாஸ்திரி மடத்துக்குத்தான் போகணும்."

"நீங்கதான் போகணும்" என்றாள் டுன்யா.

மிச்சம் இருந்தது ஒரே வழி: தன் பாட்டிலைச் சம்பந்தி தொடாமல் பார்த்துக்கொள்வது. அதற்குச் சம்பந்தியின் பாட்டிலைக் காலி செய்ய வேண்டும். ஜிவான் திரும்பி வந்து ரிப்பன் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"சம்பந்தி, உங்களோடதையே குடிப்போம். இந்த மாதிரி நான் குடிச்சதே இல்ல."

"அதெப்படி? உங்க வீட்டுக்கு வந்துட்டு எங்களோடதைக் குடிக்கிறதா? உங்களோடதை ஊத்துங்க!"

"உங்களோடதுக்கு முன்னாடி எங்களோடது எம்மாத்திரம்!"

"உங்களோடதுக்கு முன்னாடி எங்களோடது தண்ணி!"

மரியாதையில் யார் பெரியவர் என்று முடிவாகாததால், ஜிவான் ரிப்பன் பாட்டிலிலிருந்தும் வூக்காஷின் மற்றதிலிருந்தும் குடிப்பதென்று ஏற்பாடாயிற்று. அந்த ஊரில் குவளை காலியாக இருந்தால் வீட்டுக்காரனுக்கு அவமானம். அதனால் வூக்காஷின் ஜிவானின் குவளையை நிரப்பினார், ஜிவான் வேறு வழியில்லாமல் வூக்காஷினின் குவளையை நிரப்பினார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, விழுங்கி, உடனே ரொட்டியைப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டார்கள்.

ஜிவானுக்கு இப்போது ஒன்று விளங்கியது. பன்னிரண்டு வருஷ ரக்கியாவை ஒரு சொட்டில் கண்டுபிடித்தது அதே நாக்குதான். அப்படியென்றால் நாக்கில் கோளாறு இல்லை. ரிப்பன் பாட்டிலில் இருப்பதுதான் இப்படி. மலைக்காரர்கள் இதைத்தான் ரக்கியா என்று காய்ச்சுகிறார்கள். இதைத்தான் பண்டிகைக்குக் குடிக்கிறார்கள். அவருக்கு முதன்முதலாகச் சம்பந்தி மேல் பாசம் வந்தது. பாவம், எதைக் கொடுத்தாலும் அமிர்தம் என்பதில் ஆச்சரியம் இல்லை.

"எத்தனை வருஷத்து ரக்கியா சம்பந்தி இது?" என்று வூக்காஷின் தன் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நேத்து… நேத்து நடந்த மாதிரி இருக்கு. ரொம்ப வருஷம் ஆச்சு."

"என்னவோ தெரியல," வூக்காஷின் கண்ணை மூடினார், "இதைக் குடிச்சா எனக்கு எங்க வீட்டு ஞாபகம் வருது. எங்கயோ பழகின வாசனை. சின்ன வயசு ஞாபகம்கூட வருது."

"அதாங்க உறவு" என்றார் ஜிவான், தழுதழுத்து.

மீன் குழம்பு வந்தது. நூடுல்ஸ் வந்தது. பொழுது சாய்ந்தது, கொசு முழுப் படையோடு இறங்கியது. ஸ்தமேனா ஒரு கையால் சாப்பிட்டாள், ஒரு கையால் அடித்தாள். ஓக்னியென் டுன்யாவின் தோளில் ஒன்றை அடித்துவிட்டு, பழக்கமில்லாதவன் போல மன்னிப்புக் கேட்டான். ஸோர்கா இருக்கிற கண்ணைக் கையால் பொத்திக் காவல் காத்தாள். ராதே மட்டும் புல்லில் வாயைப் பிளந்து தூங்கினார். அவருடைய சட்டைக்கு ஒரு தொழுவத்தின் பாதுகாப்பு இருந்தது.

திடீரென்று ஜிவான் கவனித்தார். வூக்காஷின் மேல் ஒரு கொசுகூட இல்லை. அந்தப் பெரிய, சிவந்த, வியர்த்த கழுத்து, கொசுவுக்குக் கல்யாண மண்டபம் போன்ற கழுத்து, காலியாகக் கிடந்தது. ஒரு கொசு கிட்டே வந்தது, நின்றது, யோசித்தது, திரும்பிப் போயிற்று.

தன் கையைப் பார்த்தார். தன்னையும் ஒன்றும் கடிக்கவில்லை. ரிப்பன் பாட்டிலிலிருந்து கைதவறிச் சிந்தியதைத் தன் கையிலும் பின்கழுத்திலும் துடைத்திருந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. இலை பிழிந்த கை, இன்னும் ஊறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வேலை செய்கிறது! வெளியே தெளித்தால் அல்ல, உள்ளே அனுப்பினால்! டிவி வைத்தியர்கள் யாருக்கும் தோன்றாதது. ஜிவானின் முதுகு தானாக நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. அக்டோபரில் கல்யாணம் என்று முடிவாயிற்று. வூக்காஷின் மிச்சம் இருந்ததைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பக்குவத்தையும் கேட்டார்.

"குடும்ப ரகசியம் சம்பந்தி" என்றார் ஜிவான், பாட்டிலை இறுக்கி மூடிக் கொடுத்தபடி. "கல்யாணத்துக்கு அப்புறம் பையனுக்குச் சொல்றேன்."

ஓக்னியென் எச்சில் விழுங்கினான்.

விருந்தாளிகள் எழுந்தார்கள். ராதே சோம்பல் முறித்துக்கொண்டு காரைப் பார்க்கப் போனார். ஸ்தமேனா ஸோர்காவின் கண்ணுக்கு வெங்காயத் தோல் வைத்தியம் சொன்னாள். ஜிவான் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மனைவியை ஓரமாக அழைத்துக் காதில் சொன்னார், சிரிப்பு அடக்க முடியாமல்:

"பாத்தியா? பாட்டில் பாட்டிலா கொசு மருந்து! ருசிச்சுக் குடிச்சுட்டு, பக்குவம் வேற கேக்கறார். மலைக்காரங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்குன்னே நான் நம்ப மாட்டேன்."

"மெதுவாப் பேசுங்க!"

"சரி, மரியாதைக்கு அவங்களோடதையும் கொஞ்சம் கேட்டு வாங்கிடறேன். இல்லேன்னா சந்தேகப்படுவாங்க." குரலை உயர்த்தினார். "சம்பந்தி! உங்க ரக்கியா இன்னொரு பாட்டில் இருந்தா கொடுத்துட்டுப் போங்களேன். அந்த ருசி நாக்கை விட்டுப் போகவே மாட்டேங்குது!"

வூக்காஷினின் முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன சம்பந்தி! டேய் ராதே! டிக்கியில இன்னொண்ணு இருக்கும் பாரு, எடுத்துட்டு வா!"

ராதே டிக்கியைத் திறந்தார். குனிந்தார். ஒரு பச்சைக் கண்ணாடி பாட்டிலோடு நிமிர்ந்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்து பார்த்தார். பிறகு மேஜை மேல் சிவப்பு ரிப்பனோடு காலியாக நின்ற பாட்டிலைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஜிவானைப் பார்த்தார், சந்தையில் நோய் கண்ட மாட்டைப் பார்க்கிற மாதிரி.

"அக்கா," என்றார், "நம்ம ரக்கியா யாரும் தொடாம இங்கயே கிடக்கே. அப்போ நீ ரிப்பன் கட்டி உள்ள கொண்டுபோனது, மாட்டு மேல ஈ உக்காராம இருக்க நான் காய்ச்சி வெச்சிருந்த தைலமா?"